லாரி டிரைவர் கண் பரிசோதனை: கடலூர், புதுச்சேரியில் எங்கே காட்டலாம், எந்தக் கண்ணாடி எடுபடும்

ஹெவி லைசென்ஸ் புதுப்பிக்கும் டிரைவருக்கு இந்தப் பக்கம் மூன்று வழிகள். ஆர்டிஓ ஆபீஸை ஒட்டிய சின்ன கிளினிக், பஜார் கண்ணாடிக் கடை, கண் மருத்துவமனை. கையெழுத்துக்கு முதலாவது போதும். கண் எப்படி இருக்கிறது என்று தெரிய மூன்றாவதுதான். நடுவில் இருக்கும் கண்ணாடிக் கடையில், லைசென்ஸுக்குக் கேட்கும் மருத்துவச் சான்றான 1ஏ படிவமே வாங்க முடியாது. பதிவு பெற்ற மருத்துவர்தான் அதில் கையெழுத்துப் போடலாம், கடையில் பவர் பார்ப்பவர் போட்டால் செல்லாது.

1ஏ படிவம் கண்ணைப் பற்றிக் கேட்பது கொஞ்சம்தான்: பார்வைக் குறை இருக்கிறதா, இருந்தால் கண்ணாடியால் சரியாகிறதா, கடுமையான நிறக்குறை உண்டா, நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டரில் கார் நம்பர் பிளேட் படிக்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா. போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு ஆயுள் 5 வருடம், அபாயகரமான சரக்கு ஏற்றுபவர்களுக்கு 3 வருடம். சிப்காட் தொழிற்பேட்டைக்கு ரசாயன டேங்கர் ஓட்டுபவர்கள் அடிக்கடி இந்த வாசலில் நிற்பது அதனால்தான்.

25 மீட்டர் கேள்வியை யாரும் சட்டை செய்வதில்லை. கணக்குப் போட்டால் அதுதான் கடினமான கேள்வி. கார் பிளேட்டில் எழுத்து உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10. 25 மீட்டரில் அதைத் தடுமாறாமல் படிக்க, கண் பரிசோதனை எழுத்துச் சார்ட்டில் 6/9 வரி (நல்ல கண் 9 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) தெளிவாக வர வேண்டும். 6/12-ல் நிற்கும் கண் 8-ஐயும் B-யையும் குழப்பும். கிளினிக்குக்குப் போவதற்கு முன் தெருவிலேயே பார்த்துவிடலாம்: நிற்கும் காரிலிருந்து பெரிய ஆள் நடையில் 33 எட்டு, ஒரு கண்ணை மூடி ஒரு தடவை, மறு கண்ணை மூடி ஒரு தடவை. பைக் பிளேட்டில் பார்க்காதீர்கள், அந்த எழுத்து சின்னது, வீணாகப் பயந்துபோவீர்கள்.

சின்ன கிளினிக்குகளில் பெரிய ஓட்டை சார்ட் மாட்டியிருக்கும் தூரம். 6 மீட்டருக்கென்று அச்சடித்த சார்ட்டை 3 மீட்டர் அறையில் மாட்டினால் 6/12 கண்கூட 6/6 வரியைப் படித்துவிடும். அறை சின்னதாக இருந்தால் எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துத் தூரத்தை இரட்டிப்பாக்கியிருக்க வேண்டும், அல்லது 3 மீட்டர் சார்ட் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே படிக்கச் சொல்லிப் படிவத்தை நீட்டும் இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு காகிதம். ஒரு கண் மங்கியிருந்தாலும் அங்கே தெரியவராது.

நிறப் பரிசோதனைக்கு இஷிஹாரா புத்தகம்: புள்ளிகளுக்குள் எண் தேடுவது. பகல் வெளிச்சத்தில், முக்கால் மீட்டர் தூரத்தில், கலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று வினாடிக்குள் சொல்ல வேண்டும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் காட்டினால் முடிவை நம்ப வேண்டாம். இதில் தவறியவர்கள் உடனே தலையில் கை வைக்க வேண்டியதில்லை. லேசான, நடுத்தர நிறக்குறை உள்ளவர்களுக்கும் லைசென்ஸ் தரலாம் என்று 2020-ல் விதி மாறிவிட்டது. சிக்கல் என்னவென்றால் இஷிஹாரா குறை இருப்பதைச் சொல்லும், எவ்வளவு என்று சரியாகப் பிரிக்காது. அதற்கு நிற வில்லைகளை வரிசைப்படுத்தும் டி-15 பரிசோதனை வேண்டும், அது கண் மருத்துவமனை வேலை.

மருத்துவமனை என்றால் இந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் போவது கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. எங்கே போனாலும் பாதி நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் அடுத்த நான்கைந்து மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்தில் மங்கும், வண்டி ஓட்டக்கூடாது. லோடு ஏற்றிக்கொண்டு வழியில் இறங்கிக் காட்டிவிட்டுப் போகலாம் என்ற திட்டம் நடக்காது. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் இந்தச் சொட்டு மருந்துப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது, விழித்திரையில் கசிவு இருந்தாலும் சார்ட்டில் 6/6 வரலாம். கண்புரையும் அப்படித்தான்: பகலில் 6/9 படிப்பவருக்கு ராத்திரி எதிர் வண்டி ஹை பீம் போட்டால் சாலையே வெள்ளையாகிவிடும். 1ஏ-யில் இதற்கு ஒரு கேள்விகூட இல்லை, நீங்களாகத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக் கடையின் இலவச கம்ப்யூட்டர் டெஸ்ட் ஆரம்பப் புள்ளி மட்டுமே. அந்தச் சீட்டில் வரும் எண்ணை அப்படியே லென்ஸாக்கும் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். டிரையல் ஃபிரேம் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். சர்க்கரை ஏறியிருக்கும் நாளில் எடுத்த பவர் அது இறங்கியதும் பொருந்தாது, கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்து எடுங்கள்.

இனி எதை வாங்குவது. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் கேபினுக்குள் காசுக்குக் கேடு: அது கறுக்கப் புற ஊதா வேண்டும், முன் கண்ணாடி அதைத் தடுத்துவிடுகிறது. ராத்திரி ஓட்ட என்று விற்கும் மஞ்சள் கண்ணாடி இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும். பகலுக்குச் சாம்பல் நிறக் கூலிங் கிளாஸ் நல்லது, நிறங்களை மாற்றாது. போலரைஸ்டு மாட்டினால் சில மொபைல் திரைகள் ஒரு கோணத்தில் இருண்டுபோகும்.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்குக் கடைக்காரர் முதலில், கோடு இல்லாமல் மேலிருந்து கீழே பவர் மாறும் புரோகிரசிவ்வைத்தான் எடுத்துக் காட்டுவார். லாரிக்கு அது முதல் தேர்வு இல்லை. ஓரங்களில் உருவம் நெளியும், சைடு மிரரைக் கண்ணை மட்டும் திருப்பிப் பார்ப்பவருக்கு அந்த ஓரம்தான் வேலை செய்ய வேண்டிய இடம். கீழே D வடிவில் கிட்டப் பார்வை வில்லை உள்ள டி-பைஃபோகல் போதும், கீழ் வில்லையை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறக்கி வைக்கச் சொல்லுங்கள், சாலையில் கோடு விழாது. ஐம்பது தாண்டியவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: பேப்பர் படிக்கும் தூரத்துக்கான பவரில் மீட்டர் போர்டு மங்கும், ஏனென்றால் அது முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது. கீழ் வில்லையை அந்தத் தூரத்துக்குப் போட்டு, பில் படிக்கத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

லென்ஸ் பாலிகார்பனேட், மேலே வெளிச்சம் பட்டுத் தெறிக்காமல் தடுக்கும் ஏஆர்சி கோட்டிங். காம்பு மெல்லிசாக, லென்ஸின் மேல் பக்கத்தில் இணைந்திருக்கும் ஃபிரேமாக எடுங்கள், அகலக் காம்பு பக்கப் பார்வையை மறைக்கும். கோட்டிங்குக்கு எமன் டேஷ்போர்டு வெயில், அங்கே வைத்தால் வலைபோல் விரிசல் விடும். புழுதியோடு துண்டால் துடைத்தால் கீறல், அந்தக் கீறல் ஒவ்வொன்றும் ராத்திரி ஹெட்லைட்டில் மின்னும். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவிவிட்டு அப்புறம் துடைக்க வேண்டும்.