ஜி90 ரேடியோவுக்கு ஒரு ஃபேன் ஸ்டாண்ட்: காற்று சரி, இரைச்சல்தான் தகராறு

மே மாதம், வேலூர், மொட்டை மாடி அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தால் நான் எதற்கு ரேடியோவுக்கு ஃபேன் தேடினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. காலை பதினொரு மணிக்கே அறைக்குள் 37 டிகிரி. ஸ்டாண்ட் வந்த பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஹால் ஃபேன் ரெண்டு மாசமா கிறீச்சுன்னு கத்துது, அதைப் பாக்க நேரமில்ல. இதுக்கு மட்டும் ரெண்டு ஃபேனா?" என்றாள். பதில் சொல்லவில்லை.

என்னிடம் இருப்பது சியெகு ஜி90. ஹாம் (அமெச்சூர் வானொலி) ஆட்கள் சிற்றலையில் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் 20 வாட் ஹெச்எஃப் ரேடியோ, ஆண்டனா ட்யூனர் உள்ளேயே இருக்கிறது, முகப்பைக் கழற்றித் தனியாக வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஃபேன் கிடையாது. அலுமினிய உடம்பேதான் அதற்குச் சூட்டை வெளியே தள்ளும் ஹீட் சிங்க். இதைக் குறையாகச் சொல்லவில்லை. காலையில் 40 மீட்டர் அலைவரிசையில் நண்பர்களோடு பேசும்போது உடம்பு வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை. பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கிறது, அப்புறம் எதிராளி பேசும்போது நாம் சும்மாதான் இருக்கிறோம்.

வம்பு எஃப்டி8-இல்தான், அதாவது கம்ப்யூட்டர் வழியாகச் சின்னச் சின்னச் செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறையில். அதில் ஒவ்வொரு முறையும் 12.64 விநாடி, இடைவெளியே இல்லாமல் முழு பவர் போகிறது. அடுத்த 15 விநாடி கேட்க வேண்டும், மறுபடி அனுப்ப வேண்டும். யாராவது சிக்கும்வரை அரை மணி நேரம்கூட இப்படியே ஓடும். 20 வாட்டில் என் பவர் சப்ளை மீட்டர் 4.5 ஆம்பியர் காட்டுகிறது. 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 62 வாட். ஆண்டனாவுக்குப் போவது 20. மீதி 42 வாட்டும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் சூடாக நிற்கிறது. நான் பற்ற வைக்கிற சால்டரிங் அயர்னே 25 வாட்தான்.

ஆன்லைனில் 1,740 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். இதே மாதிரி ஸ்டாண்டுகள் பல பெயர்களில் கிடைக்கின்றன. கறுப்பு அக்ரிலிக் பலகை, அதில் இரண்டு 60 மில்லிமீட்டர் ஃபேன், யுஎஸ்பி வயர், வயரின் நடுவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. ரேடியோவை மேலே வைத்தால் முகப்பு கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும், கீழிருந்து காற்று அடிக்கும். பலகையின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. எட்டு திருகாணி என்று போட்டிருந்தது, பையில் ஏழுதான். என் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன்.

முதலில் சூட்டைச் சொல்லிவிடுகிறேன். அளப்பதற்கு, கொரோனா நேரத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டரைத்தான் முதலில் நீட்டினேன். அது பாவம், காய்ச்சலைத் தாண்டிய எதையும் பார்த்ததில்லை. 'ஹை' என்று சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தியது. பிறகு டிடி-838 மல்டிமீட்டரோடு வரும் கே-டைப் வயரை ரேடியோவின் முதுகில் டேப் போட்டு ஒட்டினேன். 14.074 மெகாஹெர்ட்ஸ், 20 வாட், ஒன்று விட்டு ஒன்று அனுப்பி, 20 நிமிடம். ஸ்டாண்ட் இல்லாமல் 66 டிகிரி, கை வைத்தால் உடனே எடுக்க வேண்டியிருந்தது. ஸ்டாண்டில் வைத்து ஃபேன் முழு வேகத்தில் 51. திருகைப் பாதியில் வைத்தால் 55.

வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அவருக்கு 45-தான் வருது, எனக்கு ஏன் இப்படி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர் அறை 20 டிகிரியில் இருக்கும். ஹீட் சிங்க் சூடு என்பது அறைச் சூட்டின் மேல் ஏறுகிற கணக்கு. அவருக்கு 25 ஏறினால் 45, நமக்கு அதே 25 ஏறினால் 62. உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்டர் உடம்பைவிட இன்னும் சூடாக இருக்கும். அதனால் இந்த ஊர் வெயிலில் ஃபேன் ஆடம்பரம் இல்லை.

ஆக, காற்றில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்கிய அன்று சாயங்காலமே 40 மீட்டருக்குப் போனபோது, வருகிற சிக்னல், இரைச்சல் இரண்டின் பலத்தையும் காட்டும் எஸ்-மீட்டர் எப்போதும் நிற்கிற 3-இல் இல்லை. 7-இல் நின்றது. பக்கத்து வீட்டில் புதிதாக எல்இடி பல்பு போட்டுவிட்டார்கள் என்று முதலில் அவர்களைத்தான் மனதுக்குள் திட்டினேன். ஜி90 திரையில் 48 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு அலைவரிசை தெரியும். அதில் இரண்டு இடத்தில் கம்பம் நட்டது போல ஒரே உயரத்தில் இரண்டு கோடு. டயலைத் திருப்பினால் ஒன்று போய், அதே இடைவெளியில் இன்னொன்று வருகிறது. இப்படிச் சீப்புப் பல் மாதிரி வந்தால் அது ஏதோ ஸ்விட்சிங் சர்க்யூட்டின் வேலை.

யுஎஸ்பி வயரைப் பிடுங்கினேன். எஸ்-மீட்டர் சட்டென்று 3-க்கு இறங்கியது. செருகினேன், 7. மொபைல் சார்ஜர்தான் காரணமோ என்று பவர் பேங்கில் செருகிப் பார்த்தேன், அப்போதும் 7. அடுத்துச் செய்ததுதான் சுவாரசியம். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத் திருகைக் கடைசிவரை திருப்பினேன். இரைச்சல் மொத்தமாக அடங்கிவிட்டது! ஃபேன் முழு வேகத்தில் கத்துகிறது, ரேடியோ அமைதி. கொஞ்சம் குறைத்தால் ஃபேன் அமைதி, ரேடியோ கத்துகிறது. அந்தத் திருகு வோல்டேஜைக் குறைப்பதில்லை. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கிறது. முழு வேகத்தில் துண்டிப்பதே இல்லை, அதனால் சத்தமும் இல்லை. யுஎஸ்பி வயர் அந்தக் குப்பையை ஆண்டனா மாதிரி வீசிக்கொண்டிருக்கிறது, அதுவும் ரேடியோவுக்கு அடியிலேயே.

தொலைவிலிருந்து வருகிற மெல்லிய சிக்னலைக் கேட்கத்தான் இத்தனை பாடு. ரேடியோ ஜில்லென்று இருந்து காது அடைத்துப்போனால் என்ன பிரயோசனம்? ஃபேன் விமர்சனங்களில் எத்தனை டிகிரி குறைந்தது என்று எழுதுகிறார்கள், எத்தனை டெசிபல் சத்தம் என்று எழுதுகிறார்கள். எஸ்-மீட்டர் எவ்வளவு ஏறியது என்று ஒருவரும் எழுதக் காணோம்.

சரி, வாங்கியாகிவிட்டது. வேகத் திருகை வெட்டி எடுத்துப் போட்டேன். அந்த இடத்தில் இரண்டு 1என்4007 டயோடைத் தொடராக வைத்துச் சால்டர் செய்தேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.7 வோல்ட் தின்னும், ஃபேனுக்கு 3.6 வோல்ட் போகும். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். தட்டினால் டயோடைத் தாண்டி முழு வேகம், இல்லையென்றால் மெதுவேகம். டயோடு இரண்டும் சேர்த்து ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று யுஎஸ்பி வயரை, இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தில் ஆறு சுற்று சுற்றினேன். இப்போது எஸ்-மீட்டர் அசைவதே இல்லை.

இன்னொரு குளறுபடி, பலகைக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு விரல் இடம்கூட இல்லை. கீழிருந்து இழுக்கிற ஃபேனுக்குக் காற்று எங்கிருந்து வரும்? ஒரு ஏ4 காகிதத்தை ஓரத்தில் பிடித்துப் பார்த்தேன், லேசாகத்தான் ஆடியது. நான்கு மூலைக்கும் பழைய மிக்ஸியின் ரப்பர் கால்களை வைத்து உயர்த்தியதும் காகிதம் போய் ஒட்டிக்கொண்டது. மெதுவேகத்திலேயே 50 டிகிரி. முன்பு முழு வேகத்தில்கூட இது வரவில்லை. மேஜைத் தூசியையெல்லாம் இழுத்து ரேடியோ வயிற்றில் அப்புகிறது என்பது வேறு விஷயம். மாதம் ஒரு முறை பெயின்ட் பிரஷ் எடுத்துத் துடைக்கிறேன்.

இதற்கு நடுவே சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நுழைந்து, 220 ரூபாய்க்கு 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று வாங்கி வந்தேன். 12 வோல்ட் ஃபேன். பவர் சப்ளையின் 13.8-இல் நேராகக் கொடுத்து, ரேடியோவின் முதுகுப் பக்கம் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தேன். 47 டிகிரி! பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றுவதால் காதுக்கும் இதமாக இருக்கிறது. இரைச்சல் சோதனையிலும் தேறிவிட்டது. பார்க்க மட்டும் கண்றாவியாக இருக்கும். செங்கல்லுக்குக் கீழே ஒரு பழைய துண்டு வேறு. இதைவிடவும் சும்மா கிடைக்கிற வழி ஒன்று உண்டு. பவரை 20-இலிருந்து 10-ஆகக் குறைத்தால் எதிர்முனையில் அரை எஸ்-யூனிட்தான் குறையும். எஃப்டி8-இல் பெரும்பாலும் தெரியக்கூடத் தெரியாது. மனசுதான் ஒப்புவதில்லை.

பேச மட்டும் செய்கிறவர்களுக்கு இந்த ஸ்டாண்ட் தேவையில்லை. டிஜிட்டல் ஓட்டுகிறவர், சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர், 220 ரூபாய் ஃபேனையே வாங்கலாம். முகப்பு நிமிர்ந்து நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது, கழுத்து வலி குறைந்தது, அதனால் ஸ்டாண்டைத் திருப்பி அனுப்பவில்லை. மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்று கழுத்துக்கு.

விற்றவருக்கு இரைச்சலைப் பற்றி விளக்கமாக எழுதி, திரையின் போட்டோவும் அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: "அன்புள்ள வாடிக்கையாளரே, ரேடியோவை ஃபேனிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பயன்படுத்தவும்."