நேரே அமிலத்திலா, தண்ணீர் வழியாகவா?

2 கிராம் (0.05 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்க இரண்டு வழிகள்.

முதல் வழியில் 100 மி.லி. 0.55 மோலார் அமிலத்தில் நேரே போடுகிறோம். வெப்பநிலை சுமார் 12 டிகிரி ஏறும். மோலுக்கு ஏறத்தாழ 100 கிலோஜூல் வெளிவருகிறது. வேலை ஒரே தடவையில் முடிந்துவிடும். ஆனால் வில்லைகள் மெதுவாகக் கரைவதால், உச்சத்தைத் தொடுமுன்பே கொஞ்சம் வெப்பம் நழுவிவிடும்.

இரண்டாவதில், முதலில் 50 மி.லி. தண்ணீரில் கரைக்க வேண்டும்: 10 டிகிரி, மோலுக்கு 44.5 கிலோஜூல். பிறகு 50 மி.லி. 1.1 மோலார் அமிலம்: 6.6 டிகிரி, சுமார் 56 கிலோஜூல். கூட்டினால் அதே 100தான். எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே: 1840-இல் வேதியியலாளர் ஹெஸ் வகுத்த விதி இதுவே.

இங்கே பலரும் சறுக்குவது, கரைசல் ஆறுமுன் அமிலத்தை ஊற்றுவதில். அமிலத்தின் வெப்பநிலையையே தொடக்கமாகக் கொண்டால் 5 டிகிரி கூடுதலாகக் காட்டும்; கரைதல் வெப்பம் இருமுறை கணக்கில் ஏறுகிறது. அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள்.

வெப்பம் இயல்பில் பாதையைச் சார்ந்ததே. இரண்டு குவளைகளும் ஒரே வளிமண்டல அழுத்தத்தில் திறந்திருப்பதால்தான் அது என்தால்பி (தொடக்க, முடிவு நிலைகளை மட்டுமே சார்ந்த ஆற்றல் அளவு) மாற்றத்துக்குச் சமமாகிறது. விதியைச் சோதிக்க இரண்டையும் செய்யுங்கள்; வில்லைகள் ஈரத்தை இழுக்கும், உடனே எடைபோடுங்கள்.