பெங்களூரு வீட்டு முற்றத்தில் கல், புதர்ச்செடி, பூப்பாத்தி: ஆறு ஆண்டு அனுபவம்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, கார் நிற்கும் இடம் போக, முன்புறத்தில் 24 அடிக்கு 11 அடி மண்தரை எஞ்சியது. 2019 ஜூனில் அதில் கல் பதித்து, புதர்ச்செடிகளும் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் பூச்செடிகளும் வைத்தோம். செடிகளில் பாதிக்கு மேல் இன்று வரை மாறிவிட்டன. கல் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தோட்டம் போட நினைப்பவர்கள் நேராக நர்சரிக்குப் போகிறார்கள்; அதற்கு முன் கொத்தனாரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

நடைபாதைக்குத் தேவனஹள்ளிப் பக்கத்துச் சாதரஹள்ளிக் கல்லைத் தேர்ந்தெடுத்தோம். வெளிர் சாம்பல் நிறக் கிரானைட் அது. மெருகேற்றாமல் சொரசொரப்பாக விட்டால் மழையிலும் கால் வழுக்காது. சிமெண்ட் கலவை போட்டுப் பதிக்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தருமபுரியிலிருந்து வந்திருந்த கொத்தனார், "சிமெண்ட் போட்டா நாளைக்கு ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க முடியாதுங்கம்மா, தண்ணியும் கீழே இறங்காது" என்று தடுத்துவிட்டார். மண்ணைக் கெட்டித்து, 4 அங்குலம் ஜல்லி, அதன் மேல் 2 அங்குலம் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) பரப்பி, 2 அங்குலத் தடிமனுள்ள பலகைக் கற்களை அரை அங்குல இடைவெளி விட்டு வைத்தார். வீட்டுச் சுவரிலிருந்து பாத்தியை நோக்கி, 11 அடிக்கு 2 அங்குலம் சரிவு இருக்கும்படி நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டார். 2022 செப்டம்பர் பெருமழையில் நகரத்தின் கிழக்குப் பகுதிகள் நீரில் மூழ்கியபோது, எங்கள் முற்றத்து நீர் சுவரோரம் தேங்காமல் பாத்திக்குள் இறங்கி வடிந்ததைக் கண்ணால் பார்த்தபின், அந்தச் சரிவின் அருமை புரிந்தது. பின்னர் குடிநீர்க் குழாய் ஒன்றைப் பழுதுபார்க்க நான்கு கற்களை எடுத்துத் திரும்ப வைத்தோம். இன்று அந்த இடம் எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செடிகளின் அடியில் வெள்ளைக் கூழாங்கல் கொட்டியதைத் தவறென்றே சொல்வேன். தெருவோரப் புங்கமரம் பிப்ரவரி, மார்ச்சில் உதிர்க்கும் இலைகள் கல்லிடுக்கில் மக்கி மண்ணாகி, அதில் களை முளைத்தது. இரண்டாம் ஆண்டே அள்ளிவிட்டு, அதே புங்க இலைகளை, செடியடி மண்ணை மூடும் மூடாக்காகப் போடத் தொடங்கினேன்.

அதிகம் வருந்தியது இட்லிப்பூச் செடிகளுக்காகத்தான். லால்பாக் அருகில் சித்தாபுராவில் உள்ள நர்சரி ஒன்றில், தளதளவென்றிருந்த ஆறு செடிகளை வாங்கி மதிற்சுவரோரம் வரிசையாக நட்டேன். எட்டே மாதத்தில் இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் தொழுவுரம் இட்டும் பயனில்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தபோதுதான், கட்டுமானத்தின்போது கொட்டிய சிமெண்ட் கலவையும் செங்கல் துண்டுகளும் அரை அடி ஆழத்தில் கிடப்பது தெரிந்தது. சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மை உடையதாக்குகிறது; அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர்களால் அதை எடுக்க இயலாது. அமில மண்ணை விரும்பும் இட்லிப்பூ அதை முதலில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒன்றரை அடி ஆழத்துக்கு எல்லாவற்றையும் வாரி வெளியேற்றி, செம்மண்ணும் மக்கிய உரமும் கலந்து நிரப்பிய பிறகு, பிழைத்த நான்கு செடிகளும் மீண்டன. புதிதாகக் கட்டிய வீடு எதுவானாலும் செடி வாங்குமுன் கடப்பாரையால் தோண்டிப் பாருங்கள்.

நந்தியாவட்டையும் பிளம்பாகோவும் எந்தத் தொல்லையும் தரவில்லை. செம்பருத்திக்கு மட்டும் 2 அடி இடைவெளி போதுமென்று நினைத்து நெருக்கமாக நட்டதால், காற்றோட்டமில்லாமல் மாவுப்பூச்சி பிடித்தது. ஒன்று விட்டு ஒன்றைப் பிடுங்கி, மழைக்காலத் தொடக்கத்தில் கவாத்து செய்த பிறகே குறைந்தது.

பூப்பாத்திக்கு வந்த சோதனை 2024 கோடையில். அந்த மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அரிசி, காய்கறி கழுவிய நீரை வாளியில் சேர்த்து, மாலையில் புதர்களின் தூரில் மட்டும் ஊற்றினோம். பாத்தியை அதன் போக்கில் விட்டோம். ஜெர்பரா முழுவதும் கருகிப்போயிற்று. கல்வாழை தரையோடு காய்ந்தாலும், மே மாத மழைக்குக் கிழங்கிலிருந்து துளிர்த்தது. மழை லில்லியோ முதல் மழை பெய்த சில நாட்களில் இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றது. அந்தக் காலையில் அண்டை வீட்டார் எல்லாரையும் அழைத்துக் காட்டினேன். அதன் பின் ஜெர்பராவை நான் திரும்ப வாங்கவில்லை. அதன் குருத்து மண்ணுக்குள் புதைந்தால் மழையிலும் அழுகிவிடும். கோடைக்கும் மழைக்கும் தாங்காத ஒன்றை ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை.

கல்வாழையும் டே லில்லியும் மூன்றாம் ஆண்டில் நெருங்கிப் பூ குறையும். ஜூன், ஜூலையில் குத்தைத் தோண்டிப் பிரித்து, ஒரு முழ இடைவெளியில் நட்டால் மீண்டும் பூக்கும். மழைக்காலத்தில் கற்களின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் இளந்துளிரை இரவோடிரவாகத் தின்றுவிடுவதால், கையுறை அணிந்து, டார்ச் விளக்குடன் பொறுக்குவதைத் தவிர நான் கண்ட வழி வேறில்லை. இந்த ஆண்டு பிரித்த கல்வாழைக் கிழங்குகளில் பாத்திக்குப் போக ஒரு சாக்கு மிஞ்சியது. எதிர் வீட்டில் இப்போதுதான் கல் பதிக்கிறார்கள் என்பதால், சரிவை நூல் பிடித்துப் பார்த்து முடிக்கட்டும் என்று நிழலில் வைத்திருக்கிறேன்.