சுங்கை சிப்புட் பட்டறையின் ஹைலக்ஸ் அடித்தகடு: இரும்பு தரம், துளைகள் தகராறு

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஓடும் பிக்கப்புகளுக்கு உள்ளூர் இரும்புப் பட்டறை ஒன்று 4 எம்எம் தகட்டில் மூன்று துண்டு ஸ்கிட் பிளேட் (வண்டியின் அடியைக் காக்கும் தகடு) செய்து மாட்டித் தருகிறது. முதல் துண்டு ரேடியேட்டரின் அடிப்பகுதியையும் முன் டிஃப்ரன்ஷியலையும் மறைக்கும். இரண்டாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பை. மூன்றாவது கியர்பாக்ஸையும், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும். மாட்டும் கூலி சேர்த்து 1,200 வெள்ளி (ரிங்கிட்). இங்கே எழுதுவது டொயோட்டா ஹைலக்ஸ் 2.8க்கு மாட்டிய செட்டைப் பற்றி. வாங்கலாம், காசுக்கு மோசமில்லை. ஆனால் வண்டியை ஜெக்கிலிருந்து இறக்குமுன் சில இடங்களைத் திருத்தச் சொல்லி அங்கேயே நின்றுகொள்ளுங்கள். இறக்கிய பிறகு சொன்னால் “அடுத்த வாரம் வாங்க பாஸ்” என்றுதான் பதில் வரும்.

இந்த ஊர்ப் பக்கம் பிளேட் எதைத் தாங்க வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். லாசா தாண்டி மலைக் கிராமமான கோலா மூ பக்கம் ஏறுகிறவர்களுக்குப் பாறையும் ஆற்றுக் கல்லும்தான் எதிரி. தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்குக் கதை வேறு. லோரி போய்ப் போய்ப் பள்ளமான செம்மண் பாதையின் நடுமேடு அடியை உரசும். செம்பனை மட்டையின் அடிக்கட்டை முள்ளோடு நிமிர்ந்து குத்தும். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த இடங்களில் புல்லுக்குள் மறைந்திருக்கும் பழைய மரக்கட்டை எல்லாவற்றையும்விட மோசம். வண்டியோடு வரும் மெல்லிய தகடு சேறு தெறிப்பதைத் தடுக்கும், கட்டையை அல்ல. அது உள்ளே மடங்கிச் சம்ப்பைத் தொட்டுவிடும்.

4 எம்எம் இரும்பு போதுமா என்று பலர் கேட்கிறார்கள். போதும். ஒரு சதுர மீட்டர் 4 எம்எம் இரும்புத் தகடு ஏறக்குறைய 31 கிலோ; 6 எம்எம் அலுமினியம் 16 கிலோதான். விறைப்பில் இந்த அலுமினியம் 4 எம்எம் இரும்புக்குக் குறைந்ததல்ல, கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும். 3 எம்எம் இரும்புதான் பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். அப்படியானால் அலுமினியம்தானே நல்லது என்று தோன்றும். ஆனால் பாறையில் அலுமினியம் பிடித்துக்கொள்ளும், இரும்பு வழுக்கிக்கொண்டு போகும். அலுமினியம் கிழிந்தால் ஊர்ப் பட்டறையில் ஒட்டவைக்க ஆள் தேட வேண்டும். இரும்பு வளைந்தால் கழற்றிச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மறுபடி மாட்டலாம். தோட்ட வேலைக்கு எங்கள் ஓட்டு இரும்புக்குத்தான். எடையை மட்டும் கணக்கில் வையுங்கள். ஏற்கெனவே புல் பாரும் (முன்பக்க இரும்புச் சட்டம்) வின்ச்சும் இருந்தால் முன் ஸ்பிரிங் தாழ்ந்துபோகும், வீல் அலைன்மென்டைப் பார்க்காமல் விடக்கூடாது.

மடிப்பு வேலை சுத்தமாக இருக்கிறது. லேசரில் வெட்டி, பிரஸ்ஸில் மடித்திருக்கிறார்கள். சாய்வு வரும் இடத்தில் இரண்டு துண்டை வெட்டி ஒட்டிய வெல்டிங் இல்லை. மலிவுச் செட்டுகள் அந்த ஒட்டில்தான் முதலில் விரியும். துண்டுகளின் அடுக்கும் சரி: முன் துண்டின் பின்விளிம்பு அடுத்த துண்டுக்குக் கீழே வருகிறது, கூரை ஓடு போல. தலைகீழாக மாட்டினால் முன்னே போகும்போது இரண்டாவது துண்டின் உதடு மண்ணை வாரிக்கொண்டு கீழே பிரிந்து வரும். ரிவர்ஸில் முன் துண்டின் பின்விளிம்பு மாட்டத்தான் செய்யும், அதனால் அந்த விளிம்பை மேல்பக்கமாக லேசாக மடித்திருக்கிறார்கள். நல்ல கை.

மாட்டும் முறையில் கவனிக்க வேண்டியவை. வண்டியைச் சேசிஸில் ஸ்டாண்ட் வைத்து நிறுத்த வேண்டும், ஜெக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக்கூடாது. பழைய தகட்டைக் கழற்றியதும் சேசிஸில் உள்ள நட்டுகளின் மரைக்குள் 8 எம்எம் டேப்பை (மரை வெட்டும் கருவி) விட்டுச் சேற்றையும் துருவையும் எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஏர் கன்னால் அடித்தால் போல்ட் குறுக்கு மரையில் ஏறும், அல்லது உள்ளே ஒட்டவைத்த நட்டே கழன்று போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். எல்லாப் போல்ட்டையும் கையால் பாதி ஏற்றி, மூன்று துண்டும் நேராக உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். 8.8 கிரேடு (தலையில் பொறித்திருக்கும் வலிமை எண்) 8 எம்எம் போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர், 10 எம்எம்முக்கு 50 என்பது பாதுகாப்பான அளவு. துளை ஒத்துவரவில்லை என்று சேசிஸில் புதுத் துளை போட வந்தால் தடுத்துவிடுங்கள். பிராக்கெட் போட்டுச் சமாளிக்க முடியும். சேசிஸில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

போல்ட்டில் பட்டறை கஞ்சத்தனம் காட்டுகிறது. தலையில் எந்த எண்ணும் பொறிக்காத வெள்ளைப் போல்ட்டுகள். இப்படிப்பட்டவற்றை 4.8 கிரேடு என்றே எண்ணிக்கொள்ளுங்கள்; அது 8.8இன் பாதி இழுவையிலேயே நீளத் தொடங்கிவிடும். முழுச் செட்டுக்கும் 8.8 மாற்ற சில வெள்ளிதான் ஆகும், ஹார்ட்வேர் கடையில் நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம். அதிர்வில் கழலாமலிருக்க நீல நிற லாக்டைட் (மரைப் பசை) ஒரு சொட்டு போதும். சிவப்புப் போட்டால் அடுத்த ஆயில் மாற்றத்தில் சூடு காட்டாமல் வராது. ரப்பர் வாஷர் போட்டால் சத்தம் வராது என்பார்கள். ரப்பர் நசுங்க நசுங்கப் போல்ட் இளகும், கொஞ்ச நாளில் சத்தம் தானாக வரும். முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை எல்லாவற்றையும் ரெஞ்ச் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட் தலை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்குப் பட்டறை ஒரு வழி செய்திருக்கிறது: தலையைச் சுற்றி 8 எம்எம் கம்பியை வளையமாக வெல்டிங் அடித்திருக்கிறார்கள். கல் வளையத்தில் உரசும், தலை தப்பிக்கும். பார்க்க முரட்டுத்தனம், வேலை செய்கிறது.

இனித் துளைகள். சம்ப்புக்குக் கீழே ஆயில் இறக்க 60 எம்எம்மில் வட்டத் துளை ஒன்று, டிரெய்ன் போல்ட்டுக்கு நேர் கீழே. அளந்துதான் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஆயில் நேர் கீழே விழாது. போல்ட் பார்க்கும் பக்கம் சூடான ஆயில் முதலில் வேகமாகப் பாயும், அளவு குறையக் குறையத் தாரை பின்வாங்கிக் கடைசியில்தான் நேராகச் சொட்டும். வட்டத் துளையில் முதல் பாய்ச்சல் முழுவதும் பிளேட்டின் உட்பக்கம் கொட்டும். பிறகு பல நாளைக்கு வண்டி நிற்கும் இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக ஆயில். சீல் போய்விட்டது என்று பயந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுபவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, அந்த ஆயிலில் ஊறும் செம்பனை நார். எக்ஸாஸ்ட் பக்கத்தில் காய்ந்த நாரும் ஆயிலும் சேர்ந்திருப்பது தீக்கு அழைப்பு. தீர்வு எளிது: வட்டத்தைப் போல்ட் பார்க்கும் திசையில் நீட்டி, 60க்கு 130 எம்எம் நீள்துளையாக வெட்டச் சொல்லுங்கள். கிரைண்டரில் கால் மணி நேர வேலை. ஆயில் ஃபில்டருக்குக் கை போகிறதா, முன் டிஃப்ரன்ஷியல் டிரெய்ன் போல்ட்டுக்குச் சாக்கெட் நேராக ஏறுகிறதா என்பதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். கியர்பாக்ஸ் துண்டில் டிரெய்ன் துளையே இல்லை, ஒவ்வொரு முறையும் முழுத் துண்டையும் கழற்ற வேண்டும்.

சேறு வெளியேற வழி வைத்ததும் போதாது. மூன்று துண்டுக்கும் சேர்த்து ஆறு சின்னத் துளைகள். சுங்கை சிப்புட் செம்மண் ஈரத்தில் களி, காய்ந்தால் செங்கல். பிளேட்டில் தங்கினால் கிலோக் கணக்கில் எடை ஏறும், ஈரத்தைப் பிடித்துவைத்துக் குறுக்குச் சட்டத்தைத் துருப்பிடிக்க வைக்கும், கியர்பாக்ஸின் சூட்டையும் வெளியே விடாது. துண்டுக்குக் குறைந்தது ஆறு நீள்துளை, ஒவ்வொன்றும் 12க்கு 50 எம்எம், வண்டியின் நீளவாக்கில் வேண்டும். குறுக்குவாக்கில் வெட்டினால் மட்டை முள் மாட்டிக்கொள்ளும். எக்ஸாஸ்டுக்கும் பிளேட்டுக்கும் 25 எம்எம் இடைவெளி விடச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு டி கியரிலும் ரிவர்ஸிலும் போட்டுப் பாருங்கள்: எஞ்சின் மவுன்டில் ஆடும்போது எங்காவது தட்டினால் அப்போதே கேட்டுவிடும்.

பவுடர் கோட்டிங் பளபளவென்று இருக்கிறது, முதல் உரசலில் போய்விடும். வெட்டு விளிம்புகளில் அதுகூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை. உர மூட்டை ஏற்றும் வண்டியென்றால் இது சின்ன விஷயமல்ல. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு, அம்மோனியம் சல்பேட்டும் சேர்ந்தால் இரும்பைக் கடகடவென்று தின்னும். கோட்டிங்குக்குப் பதில் ஹாட் டிப் கால்வனைசிங் கேளுங்கள், துளைகளையெல்லாம் வெட்டி முடித்த பிறகு. முடியாவிட்டால் ஜிங்க் பிரைமரும் சாதாரணக் கருப்பு எனாமலும் போதும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தொட்டுவிடலாம். உரம் ஏற்றிய அன்றைக்கே அடியில் தண்ணீர் அடித்துவிடுங்கள்.

பெட்ரோல் பங்கில் நின்று பேசும் நண்பர்கள் சொல்வது போல் இது “முழு அடி” அல்ல. டீசல் டேங்குக்குத் தகடு கிடையாது. தனியாகக் கேட்டால் செய்து தருகிறார்கள், விலை பேச்சில். லாசா பக்கம் ஏறுகிறவர்கள் அதையும் போட்டுவிடுங்கள். தோட்டச் சாலையிலும் பட்டணத்திலும் மட்டும் ஓடும் வண்டிக்கு மூன்றாவது துண்டு தேவையில்லை, முதல் இரண்டை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். காலையில் விட்டால் மதியம் வேலை முடிகிறது, நீள்துளை வெட்டச் சொன்னால் மாலை ஆகும். சனிக்கிழமை போகாதீர்கள், லோரி வேலை நிறைய வந்து வண்டி ஓரத்திலேயே கிடக்கும்.