மான்ஸ்டர் மேனுவல் 2025: பலத்துக்குத் தாராளம், பலவீனத்துக்குக் கஞ்சத்தனம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் ஆட்டம். எங்கள் வீட்டில் அதற்கு நான்தான் டிஎம், அதாவது கதையையும் மான்ஸ்டர்களையும் நடத்துபவர். ஆதம்பாக்கத்தில் மொட்டை மாடி அறையில் சனிக்கிழமை சாயங்காலம் ஆடுவோம். தம்பி, அவனுடைய ஆபீஸ் நண்பர்கள் இருவர், எதிர் வீட்டுக் கல்லூரிப் பெண், இவ்வளவுதான் கூட்டம். ஆட்டத்தில் வரும் மான்ஸ்டர்களின் தொகுப்பாகப் பிப்ரவரி 2025-இல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலை ஒரே காரணத்துக்காக வாங்கினேன். மான்ஸ்டர்களை எப்படி வீழ்த்துவது என்பதை இந்த முறையாவது யோசித்து எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 384 பக்கம், 500-க்கும் மேல் மான்ஸ்டர்கள், படங்கள் அபாரம். பழைய புத்தகத்தில் டெவில், டீமன் என்று குடும்பம் குடும்பமாகக் கட்டி வைத்திருப்பார்கள். இதில் எல்லாமே பெயர் வரிசை. ஆட்டத்தின் நடுவில் தேட இது எவ்வளவோ மேல். பெரிய மான்ஸ்டர்கள் இப்போது நிஜமாகவே பலமாக அடிக்கின்றன.

பலவீனம் என்று வரும்போதுதான் கை சுருங்கிவிடுகிறது. இந்த ஆட்டத்தில் அதற்குப் பொதுவான வழி, குறிப்பிட்ட வகை அடி விழுந்தால் சேதம் இரட்டிப்பு. மம்மிக்கு நெருப்பு, எலும்புக்கூட்டுக்குத் தடி, சுத்தியல். எலும்புக்கூடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது வந்து நின்றதுமே எதிர் வீட்டுப் பெண், "அக்கா, நான் வாளை வச்சிட்டு சுத்தியல எடுத்துக்கறேன்" என்றாள். விதி எதுவும் அவளுக்குத் தெரியாது, உருவத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள். அப்படிக் கண்டுபிடிக்க முடிகிற பலவீனம் இந்தப் புத்தகத்தில் சொற்பம். பாதிச் சேதம், சேதமே இல்லை என்கிற பாதுகாப்புகளோ பக்கத்துக்குப் பக்கம் கிடக்கின்றன.

ட்ரோல் என்ற அரக்கனை எடுத்துக்கொள்வோம். 94 ஹிட் பாயிண்ட் (தாங்கக்கூடிய சேதத்தின் அளவு), ஒவ்வொரு சுற்றிலும் 15 திரும்ப வளரும், நெருப்போ அமிலமோ பட்டால் அடுத்த முறை வளராது. 1974-இல் ஆட்டம் பிறந்த காலத்தில் நெருப்பு என்றால் தீப்பந்தம், எண்ணெய். பந்தம் பிடித்த கையில் கேடயம் பிடிக்க முடியாது. எண்ணெய் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இப்போதோ முதல் லெவல் விசர்ட், அதாவது மந்திரவாதி, ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் வீசலாம், ஒரு செலவும் கிடையாது. தம்பியின் விசர்ட் வீசிக்கொண்டே இருந்தான், பாவம் அந்த ட்ரோல் ஒரு முறைகூட வளரவில்லை. கதாபாத்திரங்களுக்குச் சக்தி கொடுத்தவரும் மான்ஸ்டருக்குப் பலவீனம் எழுதியவரும் பேசிக்கொள்ளவே இல்லையோ என்று தோன்றுகிறது. அடுத்த ட்ரோலை வைக்கோல் கிடங்குக்குள் விட்டேன், பரணில் ஊர்க் குழந்தைகள். ஃபயர் போல்ட் பட்டால் வைக்கோல் பற்றிக்கொள்ளும். விசர்ட் முதல் முறையாக யோசித்தான்.

ஓநாய் மனிதன் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. 2014 புத்தகத்தில் வெள்ளி ஆயுதமோ மந்திர ஆயுதமோ இல்லாமல் அவனை வெட்டினால் கீறல்கூட விழாது. போர்வீரர் பாத்திரமான ஃபைட்டர் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது என்ற குறை நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வெள்ளியையே தூக்கிவிட்டார்கள். பழைய விதியில் ஆடும்போது தம்பியின் நண்பர் ஒரு பாட்டியிடம் கெஞ்சிக் கொலுசு வாங்கி, அதை உருக்கி அம்பு முனை செய்தார். அந்த ஒரு கொலுசால் எங்களுக்கு ஒரு முழுச் சாயங்காலம் கதை கிடைத்தது. இந்தப் புத்தகத்தின்படி அது வெறும் நகை.

வாம்பயர் மட்டும் தப்பித்தது. வெயிலில் 20 சேதம், ஓடும் தண்ணீரிலும் 20, அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. எல்லாம் இடத்தைச் சார்ந்தவை என்பதால் ஆடுபவர்கள் திட்டம் போட்டே ஆக வேண்டும். கூவம் ஓடும் தண்ணீர்க் கணக்கில் வருமா என்று ஒரு விவாதம் நடந்தது. வராது என்று தீர்ப்புச் சொன்னேன்.

அப்புறம் நம்ம ராட்சசன். புலித் தலை, திருப்பி வைத்த உள்ளங்கை. 1977 புத்தகத்தில் ஆசி பெற்ற குறுக்குவில் அம்பு பட்டால் செத்தான். இப்போது பிளெஸ் என்ற ஆசி மந்திரம் பெற்றவர் கூரான ஆயுதத்தால் குத்தினால் இரட்டிப்புச் சேதம். பிளெஸ் முதல் லெவல் மந்திரம், பூசாரிப் பாத்திரமான கிளெரிக் அதைத் தினமும் போடுகிறார். இரணியன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எப்படிப் போதும்? மனிதனாலும் மிருகத்தாலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் இல்லை, உள்ளேயும் வெளியேயும் இல்லை. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டதாக நினைத்தவனுக்கு வாசல்படி மிச்சம். இராவணன் மனிதர்களை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் வரத்தில் விட்டான். பலவீனம் அவர்களுடைய கர்வத்திலிருந்தே வருகிறது.

அதனால் புத்தக விதியை ஒதுக்கிவிட்டு, என் ராட்சசனுக்கு எந்த ஆயுதத்தாலும் சாவில்லை என்று வரம் கொடுத்தேன். வரத்தின் பாதி ஒரு கல்வெட்டில், மீதி ஒரு வண்ணாரின் வாயில். கண்டுபிடித்தது, பாலடின் என்ற புனிதப் போர்வீரராக ஆடும் எதிர் வீட்டுப் பெண்தான். 2024 விதியில் பாலடினின் டிவைன் ஸ்மைட் என்ற தெய்வ அடியை வெறுங்கையால் குத்திய பிறகும் போடலாம். வாளைக் கீழே எறிந்துவிட்டுக் குத்தினாள். இதற்கான யோசனை புத்தகத்தில் எங்குமே இல்லை.

அமெரிக்காவில் விலை 49.99 டாலர். புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் ஏப்ரல் 2025-இல் இலவசமாக வெளியிட்ட எஸ்ஆர்டி 5.2 என்ற விதித் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ட்ரோல், வாம்பயர், ஓநாய் மனிதன், ராட்சசன் எல்லாம் அதிலேயே உண்டு. பிஹோல்டரும் மைண்ட் ஃபிளேயரும் வேண்டுமென்றால் புத்தகம்தான் வழி. பிஹோல்டர் படத்துக்காகவே தம்பி பாதிப் பணம் போட்டான்.