100 என்றால் வீடு வாங்கிவிட முடியுமா? வீடு வாங்கு திறன் குறியீட்டெண்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் சாதாரணக் குடும்பம் ஒன்றால் சொந்த வீடு வாங்க இயலுமா என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் விடை சொல்ல முயலும் அளவீடுகளுள், தேசிய ரியல்டர்கள் சங்கம் மாதந்தோறும் வெளியிடும் வீடு வாங்கு திறன் குறியீட்டெண் செய்திகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. வீடு விற்றுக் கொடுப்போரின் சங்கமே வெளியிடுவதால் எண்ணை அழகுபடுத்திக் காட்டுவார்களோ என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ஆனால் வட்டி ஏறிய 2023-இல் அது 100-க்குக் கீழே, அதாவது நடுத்தர வருமானம் வீடு வாங்கப் போதாத நிலைக்கு, இறங்கியபோதும் அப்படியே வெளியிட்டார்கள். ஆகவே என் குறை எண்ணின் நேர்மையைப் பற்றியதன்று, அது எதை அளக்கிறது என்பதைப் பற்றியது.

அளக்கும் முறை எளிமையானது. குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் சரிநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தையும், மறுவிற்பனையான தனிவீடுகளை விலை வரிசையில் வைத்தால் நடுவில் வரும் வீட்டின் விலையையும் எடுத்துக்கொள்கிறார்கள். விலையில் 20 விழுக்காடு முன்பணம் போக மீதி கடன் என்றும், அதன் மாதத் தவணை வருமானத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் வைத்துக்கொண்டு, அந்தக் கடனுக்குத் தேவையான வருமானத்தைக் கணக்கிடுகிறார்கள். நடுக் குடும்பத்தின் வருமானம் அதற்குச் சரியாக இருந்தால் குறியீடு 100. கூடுதலாக இருந்தால் 100-க்கு மேல்.

கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் இதன் குணம் பிடிபடும். எடுத்துக்காட்டாக, வீட்டின் விலை 4,00,000 டாலர், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 90,000 டாலர் என்று கொள்வோம். 3,20,000 டாலர் கடனை 30 ஆண்டுகளில் அடைக்க, 3 விழுக்காடு வட்டியில் மாதத் தவணை சுமார் 1,349 டாலர், தேவையான ஆண்டு வருமானம் சுமார் 64,800 டாலர், குறியீடு 139. வட்டியை மட்டும் 7 விழுக்காடாக மாற்றினால் தவணை 2,129 டாலராகவும் தேவையான வருமானம் 1,02,200 டாலராகவும் ஏறி, குறியீடு 88-க்கு விழுகிறது. வீடும் அதுவே, குடும்பமும் அதுவே, சம்பளத்தில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. பல நகரங்களின் வீட்டு விலைகளை ஒப்பிடும் டெமோகிராஃபியா அறிக்கையில், விலையை வருமானத்தால் வகுக்கும் முறையிலோ இரண்டு நிலையிலும் விடை 4.4 தான், 3-க்குள் இருந்தால்தான் வாங்கத்தக்க விலை என்பது அவர்கள் கணக்கு. ஓர் அளவீடு வட்டி மாறினாலே ஆடுகிறது, மற்றொன்று வட்டியைத் திரும்பியே பார்ப்பதில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், கடன் வாங்கித்தான் வீடு வாங்குகிறோம் என்பதை மறக்காத முதல் அளவீட்டையே நான் எடுப்பேன்.

ஆனாலும் இதன் பெரிய ஓட்டை முன்பணத்தில் இருக்கிறது. மேற்சொன்ன கணக்கில் 80,000 டாலர் எங்கிருந்து வந்தது என்று குறியீடு கேட்பதே இல்லை. அது கையில் தயாராக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு 9,000 டாலர், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேமித்தாலும், அந்தத் தொகை சேர ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் விலை ஏறினால் இலக்கும் தள்ளிப்போகும். வாடகை கொடுத்துக்கொண்டே சேமிக்கும் குடும்பம் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். வட்டி அடிமட்டத்தில் இருந்த 2021 தொடக்கத்தில் குறியீடு நன்றாகவே இருந்தது. முன்பணம் சேராதவர்களுக்கு அந்த நல்ல எண்ணால் பயன் எதுவும் இல்லை.

தவணை என்று அவர்கள் சொல்வதும் அசலும் வட்டியும் மட்டுமே. சொத்து வரியும் வீட்டுக் காப்பீடும் அதில் சேராது. மாதாமாதம் பணம் கட்டுபவருக்கோ இவை வேறு வேறு செலவுகள் அல்ல.

‘குடும்பம்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் வரையறைப்படி, பிறப்பாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ உறவுடைய இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து வாழ்ந்தால்தான் குடும்பம். தனியாக வாழ்பவர் அதில் வரமாட்டார். அதனால் குடும்பங்களின் நடு வருமானம் எல்லா இல்லங்களின் நடு வருமானத்தைவிட உயர்ந்து நிற்கிறது, குறியீடும் அதற்கேற்பச் சற்றுத் தாராளமாகவே வருகிறது.

முதல் வீடு வாங்குவோருக்கென இதே சங்கம் தனியாக ஒரு குறியீடு தருகிறது. அதில் முன்பணம் 10 விழுக்காடு. வீட்டின் விலையும் வருமானமும் குறைத்தே எடுக்கப்படுகின்றன. வாடகை வீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டியது அதைத்தான். முதன்மைக் குறியீட்டின் அட்டவணையைப் பார்ப்பதானால், கடைசியில் இருக்கும் குறியீட்டெண்ணுக்குப் போகும் முன், தேவையான வருமானம் எவ்வளவு என்று டாலரில் சொல்லும் நெடுவரிசையைப் பாருங்கள். உங்கள் சம்பளச் சீட்டோடு நேராக ஒப்பிட உதவுவது அது ஒன்றே.