சான்றா, அட்டையா, திறந்த கதவா? டெல்லித் தமிழருக்கு எந்த மருத்துவக் கொள்கை உதவும்

2020 ஜூன் 7 அன்று, கொரோனா ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், டெல்லி அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் டெல்லிவாசிகளுக்கே இடம் என்று முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால் அறிவித்தார். மத்திய அரசு நடத்தும் மருத்துவமனைகள் மட்டும் எல்லோருக்கும் பொது என்றார். மறுநாளே துணைநிலை ஆளுநர் அனில் பைஜால் அதை ரத்து செய்தார். உத்தரவுக்கு ஆயுள் ஒரு நாள்தான். அது கிளப்பிய சண்டை இன்றும் ஓயவில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் சிகிச்சை யாருக்கு? இங்கே குடியிருப்பவருக்கா, பட்டியலில் பெயர் உள்ளவருக்கா, வாசலுக்கு வந்து நிற்கிற எவருக்குமா?

இந்த மூன்று பதில்களையும் டெல்லியில் வாழும் தமிழரின் கண்ணோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எல்லாத் தமிழருக்கும் இது ஒரே சிக்கல் இல்லை. ஆர்.கே.புரத்தில் மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர் கையில் சி.ஜி.ஹெச்.எஸ். என்ற மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்ட அட்டை இருக்கிறது. மயூர் விஹாரின் ஐ.டி. குடும்பத்துக்கு கம்பெனி காப்பீடு. திரிலோக்புரியிலும் ஜங்புரா ஓரத்திலும் வீட்டுவேலை செய்து பிழைக்கும் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்துப் பெண்களுக்குத்தான் இந்த மூன்றில் எது ஜெயிக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை. அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் குடியிருப்புச் சான்று. இது 2020-ல் திடீரென வந்த யோசனை இல்லை. 2018 அக்டோபரில் தில்ஷாத் கார்டனில் உள்ள ஜி.டி.பி. மருத்துவமனையில் 80 சதவீதப் படுக்கைகளை டெல்லிவாசிகளுக்கு ஒதுக்கினார்கள். மருந்தும் பரிசோதனையும் டெல்லி வாக்காளர் அட்டை உள்ளவர்களுக்கே இலவசம். மற்றவர்களுக்கு டாக்டர் ஆலோசனையும் அவசர சிகிச்சையும் மட்டும். உத்தரப் பிரதேச எல்லையை ஒட்டிய மருத்துவமனை அது. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள், எங்கள் வரிப்பணத்தில் பக்கத்து மாநிலத்துக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்பது ஆம் ஆத்மி அரசின் வாதம். அந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அண்டை மாநிலங்கள் தங்கள் மாவட்ட மருத்துவமனைகளைக் கவனிக்காமல் விட்டால் சுமை முழுக்க டெல்லியின் தலையில்தான் விழும். ஒரு கட்டிலில் இரண்டு நோயாளிகள் படுத்திருப்பதைப் பார்த்த எவரும் இதை மறுக்க முடியாது.

அதே மாதத்திலேயே டெல்லி உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்துவிட்டது. அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உயிர்வாழும் உரிமையை ‘எந்த நபருக்கும்’ தருகிறது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது அந்த உரிமையை மீறுவதே என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லியிருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். நடைமுறையில் சான்று யாரை வடிகட்டுகிறது? காசியாபாத்திலிருந்து வருகிறவரை மட்டுமா? டெல்லியிலேயே இருபது வருடமாகப் பாத்திரம் தேய்க்கிற நம்மவரையும் சேர்த்துத்தான். வாடகை ஒப்பந்தம் கிடையாது, மின் கட்டணம் வேறொருவர் பெயரில், ஆதாரில் இன்னும் ஊர் முகவரி. ஏழைகளின் சிகிச்சைக்கு உதவும் டெல்லி ஆரோக்கிய கோஷ் நிதியும் மூன்று ஆண்டு டெல்லி வாசத்துக்குச் சான்று கேட்கிறது. 2025 ஜூன் 1 அன்று பாராபுல்லா கால்வாய் ஓரத்து மதராஸி கேம்ப் குடிசைப் பகுதி இடிக்கப்பட்டபோது இதே காகிதப் பிரச்சினையை ஊரே பார்த்தது. ஏறத்தாழ 370 குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள். கணிசமான குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைக்கவில்லை, தகுதிப் பட்டியலில் அவர்கள் வரவில்லை. வீடு கிடைத்தவர்களுக்கும் அது நரேலாவில், நகரத்தின் மறுகோடியில். தலைமுறையாக இருந்த இடத்திலேயே ‘இங்கே இருந்தேன்’ என்று நிரூபிக்க முடியாதவரிடம் ஆஸ்பத்திரி கவுன்டரில் மறுபடி அதே சான்றைக் கேட்பது கொள்கையே இல்லை, கதவடைப்பு. முதல் வழியை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் தள்ளுகிறேன்.

இரண்டாவது வழி காப்பீட்டு அட்டை. 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனை சிகிச்சை. இதன் மிகப் பெரிய வாக்குறுதி புலம்பெயர்ந்தவருக்கானதுதான்: சேர்ந்திருக்கும் எந்த மாநிலத்திலும் அட்டை செல்லும். கெஜ்ரிவால் அரசு இதில் சேர மறுத்தது. எங்கள் மருத்துவமனைகளில் எல்லாமே இலவசம், உங்கள் பட்டியல் பலரை விட்டுவிடும் என்றது. 2024 அக்டோபரில் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமான வரம்பின்றி அட்டை என்று திட்டம் விரிந்தபோது, டெல்லி, மேற்கு வங்க முதியவர்களுக்கு உதவ முடியவில்லையே என்று பிரதமர் மன்னிப்புக் கேட்டார். பதிலுக்கு 60 வயது தாண்டியவர்களுக்கு இலவச சிகிச்சை தரும் சஞ்சீவனி திட்டம் என்றார் கெஜ்ரிவால். காங்கிரஸோ அதே ஆண்டு மக்களவைத் தேர்தல் அறிக்கையில் ராஜஸ்தான் மாதிரியில் 25 லட்சம் ரூபாய்க் காப்பீடு என்று சொல்லியிருந்தது. 2025 பிப்ரவரியில் பா.ஜ.க. டெல்லியைப் பிடித்தது, ஏப்ரலில் டெல்லி சேர்ந்தது, மாநிலத்தின் பங்காக இன்னொரு 5 லட்சத்தோடு.

தொகை ஏலம் போல ஏறிக்கொண்டே போகிறது. நம் வீட்டுவேலைப் பெண்ணுக்கு அதில் முதல் ரூபாய் கிடைக்குமா என்பதே என் கேள்வி.

நான் மனுக்கள் எழுதிக்கொடுக்கப் போகும் இடத்தில் ஒரு பெண். ஊர் கள்ளக்குறிச்சி பக்கம், இங்கே மூன்று வீட்டில் வேலை. பித்தப்பைக் கல், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். துணிக்கடைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினார். ஸ்கேன் ரிப்போர்ட், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய பர்ச்சி (ஆஸ்பத்திரிச் சீட்டு), லேமினேட் செய்த ஆதார், மாமியார் பெயரில் இருக்கும் ஊர் ரேஷன் கார்டின் ஜெராக்ஸ். அந்த ரேஷன் கார்டில் அவர் பெயர் இல்லை. கைரேகை வைக்க ஊருக்குப் போகாததால் எடுத்துவிட்டார்களாம். தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டில் பெயரும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும். டெல்லியின் ஆயுஷ்மானில் முதல் முன்னுரிமை, பரம ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் கார்டு வைத்திருந்தவர்களுக்கு. அவரிடம் டெல்லி ரேஷன் கார்டே கிடையாது. “அக்கா, அங்கயும் பேரு இல்ல, இங்கயும் பேரு இல்லன்னா என்னை எந்தக் கணக்குலதான் சேர்ப்பாங்க?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கடைசியில் அவருக்கு வழி விட்டது அட்டை கேட்காத ஒரு பெரிய அரசு மருத்துவமனைதான், பல மாதக் காத்திருப்போடு.

இது ஒருவருடைய துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. அட்டை முறையின் அமைப்பிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது. ஆயுஷ்மானின் அடிப்படைப் பட்டியல் 2011-ஆம் ஆண்டு சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு. வேலைக்காக ஊர் மாறிக்கொண்டே இருப்பவர் அன்று எந்த ஊரில் கணக்கில் வந்தாரோ, வரவே இல்லையோ, அதுதான் இன்றைக்கும் விதி. ரேஷன் கார்டு ஒதுக்கீடும் 2011 மக்கள்தொகையை வைத்துத்தான். தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-ல் முதல்வர் காப்பீடாக மாறி, 2018-ல் ஆயுஷ்மானோடு இணைந்த திட்டம் ஒன்றுதான். ஆனால் உள்ளே இரண்டு பட்டியல்: மத்திய அரசு பணம் தருகிற குடும்பங்கள், மாநிலமே முழுச் செலவையும் ஏற்கிற குடும்பங்கள். இரண்டாவது பட்டியலில் இருப்பவருக்கு டெல்லியில் அந்த அட்டையால் பெரிதாகப் பயனில்லை. பெயர் யாருடையது, படம் யாருடையது என்று மத்தியும் மாநிலமும் மல்லுக்கட்டும் அளவுக்கு இந்த ஓட்டையை யாரும் பேசுவதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

இன்னொன்று. அட்டை அட்மிஷனுக்குத்தான். சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, வாரம் ஒருமுறை ஓ.பி., ரத்தப் பரிசோதனை என்று மாதாமாதம் கைக்காசு கரைவது அதில் வராது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைப்பணத்தின் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம் என்கிறது அரசின் கணக்கு. குறைந்திருப்பது நல்லதுதான். ஆனாலும் பத்து ரூபாயில் நான்கு ரூபாய் நோயாளியின் மடியிலிருந்து போகிறது.

மூன்றாவது வழி, கேள்வி கேட்காத கதவு. டெல்லிக்கு இதில் நல்ல முன்மாதிரி இருந்தது என்பதை ஆம் ஆத்மியின் எதிரிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2015-ல் தொடங்கிய மொஹல்லா கிளினிக் வீட்டுக்குப் பக்கத்தில் டாக்டர், மருந்து, பரிசோதனை எல்லாவற்றையும் இலவசமாகத் தந்தது. குறைகளும் உண்டு. ஆயிரம் கிளினிக் என்று சொல்லிவிட்டுப் பாதியளவே திறந்தார்கள். மதியத்தோடு மூடிவிட்டதால் வேலைக்குப் போகிற பெண் அரைநாள் சம்பளம் இழக்க வேண்டியிருந்தது. தணிக்கை அறிக்கையும் குறை சொன்னது. புதிய அரசு அவற்றை ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தின் ஆரம்ப சுகாதார மையங்களாக மாற்றுகிறது. பலகையில் என்ன எழுதியிருந்தாலும், மாலை ஏழு மணிக்கு அங்கே டாக்டர் இருப்பாரா என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுவேன்.

விபத்து சிகிச்சையில் இந்த மூன்றாவது வழி தெளிவாகவே ஜெயித்திருக்கிறது. டெல்லியில் ஆம் ஆத்மி அரசு கொண்டுவந்த ஃபரிஷ்தே திட்டத்தில், நகர எல்லைக்குள் சாலையில் அடிபட்டால் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியில்லாமல் தனியார் மருத்துவமனையிலும் இலவச சிகிச்சை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய தமிழ்நாட்டின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ இன்னும் ஒரு படி மேலே போகிறது: தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் வேறு மாநிலத்தவரோ வேறு நாட்டவரோ, முதல் 48 மணி நேரச் செலவு அரசுடையது. வெவ்வேறு கட்சிகளின் இரண்டு அரசுகள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. ரத்தம் வழிகிறவரிடம் முகவரி கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த மனம் பித்தப்பைக் கல்லுக்கும் பிரசவத்துக்கும் வர வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இதோடு குடியேற்றச் சண்டையும் வந்து சேர்கிறது. 2024 டிசம்பரிலிருந்து டெல்லியில் வங்கதேசத்தவரைக் கண்டறியும் சோதனை நடக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், உள்நோயாளியாகச் சேரும் வெளிநாட்டவர் பற்றிய தகவலை மருத்துவமனைகளே அரசுக்குத் தர வேண்டும் என்கிறது. ‘இந்தியா தர்மசத்திரம் அல்ல’ என்றார் அமித் ஷா நாடாளுமன்றத்தில். இரண்டே மாதத்தில், ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றத்திலும் அதே வார்த்தைகள் கேட்டன. நாட்டுக்குள் யார் வரலாம் என்று முடிவெடுக்கும் உரிமை அரசுக்கு உண்டு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த வேலையை ஆஸ்பத்திரி வாசலில் செய்யக் கூடாது. காசநோய் வந்தவர் பிடிபடுவோமோ என்று பயந்து மருந்து வாங்காமல் இருந்தால், இருமல் அவருடைய குடிசையோடு நிற்காது. வங்காள மொழி பேசிய இந்தியக் குடிமக்களே 2025 ஜூலையில் குருகிராமில் பிடித்து வைக்கப்பட்டார்கள். ஹிந்தி திக்கிப் பேசும் நம்மவருக்கு அது வராது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

தமிழ்நாடு இங்கே மெச்சத்தக்க வேலை செய்திருக்கிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பில்லாமல் முதல்வர் காப்பீட்டில் இடம் உண்டு. அதற்குக் குடியுரிமைச் சான்று கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் வசிக்கும் வெளிமாநிலத் தொழிலாளரும் அதில் சேரலாம். இதைப் பெருமையாகச் சொல்லும்போதே, ஊரிலிருக்கும் என் சொந்தங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. திருப்பூர் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் பீகார்க்காரரைப் பார்த்து ‘வடக்கனுக்கெல்லாம் எதுக்கு இலவசம்’ என்று வாட்ஸ்ஆப்பில் எழுதுகிறீர்களே, டெல்லி கவுன்டரில் நிற்கும் நம் பெண்ணைப் பார்த்துப் பின்னால் நிற்பவர் சொல்வதும் அதுவேதான். ஒன்று நியாயம் என்றால் மற்றதும் நியாயம்.

காசு எங்கிருந்து வரும் என்பது திறந்த கதவுக்கு எதிரான நேர்மையான கேள்வி. கதவை டெல்லி திறந்துவைக்க, செலவை நோயாளியின் சொந்த மாநிலமும் மத்திய அரசும் பின்னால் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். அரிசிக்கு இதை ஏற்கனவே செய்துவிட்டோம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாட்டு அட்டைக்கு டெல்லிக் கடையில் அரிசி தரலாம் என்றால், சிகிச்சைக்கு முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுவரை, டெல்லி தமிழ்நாடு இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேசை போட்டு, விட்டுப்போன பெயர்களை ஊருக்குப் போகாமலே ரேஷன் கார்டில் சேர்க்கவும் வருமானச் சான்று வாங்கவும் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். ஞாயிறு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்ற நாளில் லீவு போட்டால் அந்தப் பெண்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள்.